பழைய ஆஃப்ரோடு டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: கழற்றுவது முதல் கிக்டவுன் ராடு வரை

இன்ஜினைப் பலமுறை பிரித்து மாட்டியவர்கள்கூட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றதும் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாததுதான் காரணம். பழைய மூன்று கியர் பாக்ஸுக்கு அந்தப் பயம் தேவையில்லை. அதில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆயில் பிரஷர் ஒரு வால்வைத் தள்ளுகிறது, வால்வு வழி திறக்கிறது, பிளேட் அடுக்கான கிளட்சோ, டிரம்மைச் சுற்றி இறுகும் பட்டையான பேண்டோ பிடிக்கிறது. மூன்று கியரும் ரிவர்ஸும் அவ்வளவில் அடங்கிவிடுகின்றன.

இங்கே நான் எடுத்துக்கொள்வது கிரைஸ்லரின் ஏ727 டார்க்ஃபிளைட். 1962 மாடலில் வந்த பாக்ஸ். டாட்ஜ் ராம்சார்ஜர், டாட்ஜின் நான்கு சக்கர பிக்கப்புகள், இன்டர்நேஷனல் ஸ்கவுட் 2, 1980 முதல் வந்த பெரிய ஜீப் வாகனீர் எல்லாவற்றிலும் இதுதான். கியர் விகிதம் 2.45, 1.45, 1, ரிவர்ஸ் 2.2. அலுமினிய கேஸும் பெல் ஹவுசிங்கும் ஒரே வார்ப்பு. அதனால் வேறு இன்ஜின் குடும்பத்தின் கேஸை வாங்கினால் உங்கள் இன்ஜினில் உட்காராது. பழைய பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

புதுக் கிளட்ச் பிளேட், புது சீல், புது பேண்ட் எல்லாம் போட்டும் சில மாதங்களில் மறுபடி எரிந்துபோன பாக்ஸ்கள் என்னிடம் வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பார்ட்ஸில் குறை இருக்காது. கிளியரன்ஸ் அளந்திருக்க மாட்டார்கள், பேண்டை கைக்கணக்கில் முறுக்கியிருப்பார்கள், கார்புரேட்டரிலிருந்து பாக்ஸுக்கு வரும் கிக்டவுன் ராடை ஏனோதானோ என்று மாட்டியிருப்பார்கள். இந்தப் பாக்ஸின் ஆயுளை முடிவு செய்வது அளவுகள்தான். அதனால் அளக்கும் இடங்களில் நிதானமாக நிற்கப் போகிறேன், கழற்றும் வேலையை வேகமாகக் கடப்பேன்.

கழற்றுவதற்கு முன்: எது வழுக்குகிறது?

பாக்ஸை இறக்குவதற்கு முன்பே கோளாறு எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். எந்தக் கியரில் எது பிடிக்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும்.

- டிரைவில் முதல் கியர்: பின் கிளட்ச், ஓவர்ரன்னிங் கிளட்ச் (ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ஒருவழிக் கிளட்ச்)
- கையால் 1-இல் போட்டால்: இவற்றோடு பின் பேண்டும்
- இரண்டாம் கியர்: பின் கிளட்ச், முன் பேண்ட்
- மூன்றாம் கியர்: பின் கிளட்ச், முன் கிளட்ச்
- ரிவர்ஸ்: முன் கிளட்ச், பின் பேண்ட்

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். முன்னோக்கிய எல்லாக் கியரும் வழுக்கி, ரிவர்ஸ் மட்டும் கெட்டியாக இருந்தால் பின் கிளட்ச். மூன்றாம் கியரும் ரிவர்ஸும் வழுக்கினால் முன் கிளட்ச், ஏனென்றால் இரண்டுக்கும் பொதுவானது அது ஒன்றுதான். இரண்டாம் கியரில் மட்டும் இன்ஜின் கத்தினால் முன் பேண்ட். மூன்றாம் கியர் சரியாக இருந்து, ரிவர்ஸ் வழுக்கி, இறக்கத்தில் 1-இல் போட்டும் இன்ஜின் பிரேக் பிடிக்கவில்லையா? பின் பேண்ட். இந்தக் கடைசிக் கோளாறுக்குப் பாக்ஸை இறக்கவே வேண்டாம். பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றி பேண்டை டைட் வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் நான் ஒரு பாக்ஸை முழுதாக இறக்கிவிட்டு, உள்ளே எல்லாம் நன்றாக இருப்பதைப் பார்த்து இரண்டு நாள் வருந்தியிருக்கிறேன்.

அப்புறம் ஆயில். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கருத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் லைனிங் எரிந்திருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பாக, கலங்கலாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறங்கி ஏறும் டிரக்குகளில் இது அடிக்கடி நடக்கும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையானாலும் இப்படித்தான் தெரியும். தண்ணீர் பட்ட லைனிங்கில் பசை விட்டுவிடும். அந்த நிலையில் ஆயில் மாற்றி ஓட்டிப் பார்க்காதீர்கள், பிரிப்பதுதான் வழி.

ஒன்று முக்கியம்: டார்க்ஃபிளைட்டில் ஆயில் லெவலை இன்ஜின் ஓடும்போது நியூட்ரலில் பார்க்க வேண்டும். இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டருக்குப் பார்க்கில் ஆயில் ஓட்டம் இருக்காது, லெவல் தவறாகக் காட்டும்.

இறக்குவது

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது. முன், பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றுமுன் ஃபிளாஞ்சில் குறி போட்டுக்கொள்ளுங்கள். முன், பின் ஆக்சில்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாக இறக்குங்கள். வார்ப்பிரும்பு டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து ஒரே மூட்டையாக இறக்க நினைத்தால் எடை பின்னால் சாய்ந்து ஜாக்கிலிருந்து நழுவும்.

பிறகு கன்வெர்ட்டர் போல்ட்டுகள். கிராங்கைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடுங்கள். கன்வெர்ட்டரும், கிராங்கில் மாட்டிய ஃபிளெக்ஸ் பிளேட்டும் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும், ஒரு துளை தள்ளி இருக்கும். இரண்டிலும் பெயின்ட் குறி வைத்தால் திரும்ப மாட்டும்போது தேட வேண்டாம். கன்வெர்ட்டர் பாக்ஸோடு சேர்ந்தே வர வேண்டும். அது ஃபிளெக்ஸ் பிளேட்டில் தொங்கி நின்றால் பம்ப் சீலும் புஷ்ஷும் அடிபடும்.

பிரிப்பதற்கு முந்தைய முதல் அளவு

பெஞ்சில் ஏற்றி வெளியே நன்றாகக் கழுவியபின், ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன், இன்புட் ஷாஃப்ட்டின் எண்ட் பிளேயை (முன்னும் பின்னும் நகரும் அளவை) டயல் கேஜில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட்டை உள்ளே தள்ளி கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். 0.9 முதல் 2.1 மில்லிமீட்டருக்குள் இருப்பது சரி. கூடுதலாக இருந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. முன் கிளட்ச் டிரம்முக்கும் பம்பின் பின்புறத் தாங்கிக்கும் நடுவே வரும் வாஷர் பல தடிமன்களில் கிடைக்கும். எதை வாங்குவது என்பதை இந்த அளவுதான் சொல்லும்.

இனி வரிசை:

1. பேன், ஃபில்டர், வால்வுகள் அடங்கிய வால்வ் பாடி. வால்வ் பாடியை இறக்கும்போது பார்க்கிங் ராடு சிக்கினால் இழுக்காதீர்கள். அவுட்புட் ஷாஃப்ட்டைச் சற்றுத் திருப்பினால் ராடின் குமிழ் தானாக விலகி வரும். கூடவே அக்யூமுலேட்டர் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வரும்.
2. பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடாப்டர், பிறகு வண்டியின் வேகத்தை ஆயில் பிரஷராக மாற்றிச் சொல்லும் கவர்னர்.
3. பம்பை எடுக்குமுன் முன் பேண்டின் திருகை உள்ளே முறுக்கி பேண்டை டிரம்மில் இறுக்குங்கள். இல்லாவிட்டால் பம்போடு முன் கிளட்சும் கூடவே வந்து பிளேட்டுகள் கெடும்.
4. பம்பில் மரை வைத்த இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் ஸ்லைடு ஹாமர் மாட்டி இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினிய முகம் கீறும்.
5. பேண்டைத் தளர்த்தி எடுங்கள். முன் கிளட்ச், இன்புட் ஷாஃப்ட்டோடு பின் கிளட்ச், அதன்பின் பிளானட்டரி கியர்களும் அவற்றின் நடுவே சுற்றும் சன் கியரும் டிரைவிங் ஷெல்லும் அவுட்புட் ஷாஃப்ட்டோடு ஒரே கோர்வையாக வரும்.
6. கடைசியில் பின் பேண்ட், அதன் டிரம், ஓவர்ரன்னிங் கிளட்ச்.

ஒவ்வொரு வாஷரையும் அது இருந்த திசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். போட்டோவும் எடுங்கள், வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதில் போட்டோவும் சில நேரம் ஏமாற்றும், கம்பி ஏமாற்றாது.

கிளட்ச் பேக்

எரிந்த பிளேட்டைக் கையில் எடுத்தால் அதுவே கதை சொல்லும். நல்ல பிளேட்டில் கட்டைவிரலை அழுத்தினால் ஆயில் கசிந்து வரும், விரலை எடுத்ததும் உறிஞ்சிக்கொள்ளும். எரிந்த பிளேட் கண்ணாடி போல மின்னும், விரலில் கரி ஒட்டும். ஸ்டீல் பிளேட்டில் நீலப் புள்ளிகள் இருந்தால் சூடேறி வளைந்திருக்கும். தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் தூக்கிப் போடுங்கள்.

புது லைனிங் பிளேட்டுகளை மாட்டுமுன் குறைந்தது அரை மணி நேரம் ஆயிலில் ஊற விடுங்கள். நான் முந்தைய இரவே போட்டுவிடுவேன். உலர்ந்த பிளேட் முதல் இரண்டு ஷிஃப்ட்டிலேயே கருகிவிடும்.

பிஸ்டன் சீல்களின் உதடு, பிரஷர் வரும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மாட்டும்போது சுற்றிலும் ஆயில் தடவி, மெல்லிய ஃபீலர் தகட்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டே, பிஸ்டனைச் சிறிது சிறிதாகத் திருப்பி அழுத்துங்கள். பலம் போட்டால் உதடு மடிந்து கிழியும், அது வெளியே தெரியாது. பாக்ஸை மாட்டி ஓட்டும்போதுதான் தெரியும்.

பேக்கை அடுக்கி சர்க்ளிப் போட்டபின் பிரஷர் பிளேட்டுக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். பின் கிளட்சுக்கு 0.64 முதல் 1.14 மில்லிமீட்டர். அதிகமாக இருந்தால் தடித்த சர்க்ளிப் போடலாம். அதற்காகவே பல தடிமன்களில் வருகின்றன. முன் கிளட்சின் கிளியரன்ஸ் பிளேட் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும், உங்கள் ஆண்டு மேனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள். கிளியரன்ஸ் கூடினால் பிடிப்பதற்குத் தாமதம், குறைந்தால் விடும்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டுமே சூட்டில் முடியும்.

ஓவர்ரன்னிங் கிளட்ச்: ஆஃப்ரோடுக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

உருளைகளும் சிறு ஸ்பிரிங்குகளும் கொண்ட ஒருவழிக் கிளட்ச் இது. டிரைவில் முதல் கியர் இழுக்கும்போது பின் பிளானட்டரியைத் தனியாகப் பிடித்து நிறுத்துவது இதுதான். சேற்றில் சக்கரம் சுழன்று சட்டென்று பாறையில் பிடிக்கும்போதோ, ஆக்சில் உடையும்போதோ விழும் அடி முழுவதும் இந்த உருளைகள் மேல்தான்.

அது விட்டுவிட்டால் என்ன ஆகும்? வண்டி நிற்க, இன்ஜின் சுற்ற, சன் கியரோடு பிணைந்த முன் கிளட்ச் டிரம் எதிர்த்திசையில் இன்ஜின் வேகத்தைப்போல 2.2 மடங்கு வரை போகும். இன்ஜின் 4,000 சுற்றில் இருந்தால் டிரம் 8,800. அந்த வேகத்தில் டிரம் வெடித்து, அலுமினிய கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பாக்ஸ் இருப்பது ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில்.

அதனால் உருளைகளில் குழி, தட்டையான இடம், கேமில் அலையலையான தேய்மானம் எது தெரிந்தாலும் முழுத் தொகுப்பையும் மாற்றுங்கள். கேம் கேஸுக்குள் தளர்ந்திருந்தால் போல்ட் போட்டு இறுக்கும் வகைக் கேமுக்கு மாறுவது நல்லது. மாட்டியபின் டிரம்மைக் கையால் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுவழுப்பாகச் சுழல வேண்டும், மறுபக்கம் ஒரு துளியும் நகராமல் பிடிக்க வேண்டும்.

ஓட்டும்போதும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சேறு, பாறை, செங்குத்து ஏற்றம் என்றால் டிரைவில் விடாமல் 1-இல் போடுங்கள். அப்போது பின் பேண்டும் சேர்ந்து பிடிக்கும், உருளைகளின் சுமையில் பங்கு எடுத்துக்கொள்ளும்.

வால்வ் பாடி

வைஸில் இறுக்காதீர்கள். சற்று வளைந்தாலும் வால்வு சிக்கும். விளிம்பு உள்ள டிரே மேல் வைத்துப் பிரியுங்கள், ஸ்டீல் குண்டுகள் உருளும். ஒன்று மட்டும் பெரியது; எது எந்தக் குழியில் இருந்தது என்று படம் வரைந்துகொள்ளுங்கள், எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கழுவிய வால்வை உலர்ந்த நிலையில் துளையில் விட்டு, பாடியைச் சாய்த்தால் தன் எடையிலேயே வழுக்கி விழ வேண்டும். விழாவிட்டால் கசடோ பிசிறோ இருக்கிறது.

ஸ்க்ரூக்களுக்கு 35 இன்ச் பவுண்டு, அதாவது 4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. லைன் பிரஷர் ஸ்க்ரூவுக்கு ஆரம்ப அளவு, வால்வ் பாடியிலிருந்து அட்ஜஸ்டிங் நட்டின் உள் விளிம்பு வரை 1 5/16 அங்குலம், சுமார் 33 மில்லிமீட்டர். பாடியைக் கேஸில் மாட்டும் போல்ட்டுகளுக்கு 100 இன்ச் பவுண்டு, 11 நியூட்டன் மீட்டர். அதை மாட்டுமுன் இன்னொரு டெஸ்ட் பாக்கி இருக்கிறது.

கோர்த்து, காற்று விட்டுப் பார்ப்பது

பிரித்த வரிசையைத் தலைகீழாக்கிக் கோர்த்துவிடுங்கள். முன் கிளட்சும் பின் கிளட்சும் ஒன்றுக்குள் ஒன்று முழுதாக உட்கார, மெல்ல ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டும். கடைசி பிளேட்டின் பல் விழும்போது ஒரு சின்ன ‘டக்’ வரும். பம்ப் கை அழுத்தத்திலேயே கேஸ் முகம் வரை போக வேண்டும். போகவில்லை என்றால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள், ஏதோ ஒன்று உட்காரவில்லை. பம்ப் போல்ட்டுகளுக்கு 175 இன்ச் பவுண்டு, 20 நியூட்டன் மீட்டர். இறுக்கியபின் இன்புட் ஷாஃப்ட் கையால் சுற்ற வேண்டும், எண்ட் பிளே மறுபடி அளக்க வேண்டும். பூஜ்யமாக இருந்தால் தயங்காமல் திரும்பப் பிரியுங்கள்.

இப்போது வால்வ் பாடி இல்லாமல், கேஸின் அடியில் தெரியும் துளைகளில் ஒவ்வொன்றாகச் சுமார் 30 பிஎஸ்ஐ சுத்தமான, ஈரமில்லாத காற்று விடுங்கள். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. முன் கிளட்ச் துளையில் காற்று விட்டு டிரம் மேல் விரல் வைத்தால் ‘தொம்’ என்று மெத்தென்ற ஓர் அடி விரல் நுனியில் தெரியும். பின் கிளட்சும் அப்படியே. பேண்டை இறுக்கும் பிஸ்டனான சர்வோவின் துளைகளில் விட்டால் பேண்ட் இறுகுவது கண்ணுக்கே தெரியும். ‘தொம்’ வராமல் புஸ்ஸென்று நீளமாகக் காற்று கசிந்தால் சீல் கிழிந்திருக்கிறது. வண்டியில் ஏற்றியபின் தெரிந்தால் இரண்டு நாள் வேலை. இங்கே தெரிந்தால் இரண்டு மணி நேரம்.

பேண்ட் டைட் வைப்பது

முன் பேண்டின் திருகு கேஸின் இடப் பக்கம், வெளியே இருக்கும். லாக் நட்டை நன்றாகத் தளர்த்தி, திருகு மரையில் தடையின்றிச் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். துரு பிடித்திருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டுவது பொய். 72 இன்ச் பவுண்டுக்கு, அதாவது 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிறகு துல்லியமாக 2 சுற்று வெளியே எடுங்கள். சில ஆண்டு, இன்ஜின் சேர்க்கைகளுக்கு 1½ அல்லது 2½ என்று மேனுவலில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். திருகு நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள்.

பின் பேண்டின் திருகு பேனுக்குள் இருக்கிறது. அதற்கும் 72 இன்ச் பவுண்டு, பிறகு 2 சுற்று வெளியே. சுற்றை எண்ணத் திருகின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வால்வ் பாடி, புது ஃபில்டர் மாட்டி பேனை 150 இன்ச் பவுண்டு, 17 நியூட்டன் மீட்டருக்கு மூடுங்கள்.

கன்வெர்ட்டரும் ஏற்றுவதும்

எரிந்த பாக்ஸின் கன்வெர்ட்டரைக் கழுவி மறுபடி போடாதீர்கள். உள்ளே தேங்கிய கரி முழுதாக வெளியே வராது. ஆயில் கூலரையும் குழாய்களையும் இரு திசையிலும் ஃபிளஷ் செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் புதிதே போடுங்கள்.

கன்வெர்ட்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் படி இறங்குவது போல உட்காரும். கடைசிப் படி பம்ப் கியர். பெல் ஹவுசிங் முகத்தில் ஒரு நேர்க் கட்டையை வைத்து அளந்தால், கன்வெர்ட்டரின் போல்ட் முகம் அதிலிருந்து குறைந்தது 13 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் பெல் ஹவுசிங் போல்ட்டை இறுக்கினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமுன்பே பம்ப் உடையும். ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

கிக்டவுன் ராடு

கார்புரேட்டரிலிருந்து பாக்ஸின் த்ராட்டில் லீவருக்கு வரும் இந்தக் கம்பிக்குக் கிக்டவுன் என்று பெயர் இருப்பதால், ஓவர்டேக் செய்ய மட்டும் பயன்படும் உபரி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு முறை நான் வாங்கிய டிரக்கில் இந்த ராடையே கழற்றி, லீவரைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். முன் கிளட்ச் கரித்தூளாக இருந்தது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை ஆயில் பிரஷருக்குச் சொல்வது இந்த ராடுதான். அது இல்லையென்றால் இன்ஜின் முழுப் பலத்தோடு இழுக்கும்போதும் பாக்ஸ் ஐடில் பிரஷரிலேயே கிளட்சைப் பிடிக்கும், வழுக்கும், எரியும்.

சரி, வைக்கும் முறை. இன்ஜினைச் சூடாக்கி, சோக் முழுதாகத் திறந்து, சாதாரண ஐடிலில் இருக்கட்டும். பிறகு அணைத்துவிட்டு, பாக்ஸின் த்ராட்டில் லீவரை முன்னோக்கி இறுதி வரை தள்ளிப் பிடியுங்கள். அந்த நிலையில் ராடின் முனை கார்புரேட்டர் பின்னில் தளர்வும் இல்லாமல், இழுப்பும் இல்லாமல் பொருந்த வேண்டும். இன்னொருவரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, லீவர் பின்னால் இறுதி வரை போகிறதா என்று அடியிலிருந்து பாருங்கள். வேறு கார்புரேட்டர் போட்டிருந்தால் லீவரின் நீளம் மாறியிருக்கும், ராடு பாதியிலேயே நின்றுவிடும். அதற்கேற்ற லீவர் அடாப்டர் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆயிலும் முதல் ஸ்டார்ட்டும்

இந்தப் பாக்ஸ்களுக்கு நான் ஏடிஎஃப்+4 ஊற்றுகிறேன். முதலில் சுமார் 4½ லிட்டர் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலில் விட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் நியூட்ரலில் நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கின் ‘ஆட்’ குறி வரை கொண்டுவாருங்கள். சூடேறியபின் ‘ஆட்’டுக்கும் ‘ஃபுல்’லுக்கும் நடுவே நிற்கும். அளவு மீறினால் கியர்கள் ஆயிலை நுரைக்க வைக்கும், நுரைத்த ஆயிலில் பிரஷர் நிற்காது.

ரோட்டுக்குப் போகுமுன் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கிக்டவுன் ராடு, ஷிஃப்ட் ராடு இரண்டையும் பாக்ஸிலிருந்து விடுவித்து, லீவர்களைக் கையால் இயக்க வேண்டும். ஷிஃப்ட் 1-இல், இன்ஜின் 1,000 சுற்றில்: த்ராட்டில் லீவர் முன்னால் இருக்கும்போது 54 முதல் 60 பிஎஸ்ஐ, பின்னால் கொண்டுபோகக் கொண்டுபோகச் சீராக ஏறி 90 முதல் 96. அடி முதல் நுனி வரை எல்லாமே குறைவாக இருந்தால் வால்வ் பாடியில் உள்ள பிரஷர் ஸ்க்ரூ; ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 1⅔ பிஎஸ்ஐ மாறும், இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். ரிவர்ஸில் பிரஷர் இதைப்போலப் பல மடங்கு ஏறும், அதனால் 300 பிஎஸ்ஐ கேஜ் வேண்டும்.

பிறகு தட்டையான சாலையில் அரை மிதியில் சில கிலோமீட்டர் ஓட்டி, ராடைச் சிறிது சரிசெய்யலாம். ஷிஃப்ட் சீக்கிரமே விழுந்து, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் எகிறினால் ராடு தளர்வு. ஷிஃப்ட் தாமதமாகி முரட்டுத்தனமாக இடித்தால் இறுக்கம் கூடுதல். அரைச் சுற்றாக மாற்றி மாற்றிப் பாருங்கள். திரும்பி வந்ததும் பேனைச் சுற்றிலும் கசிவு பார்த்து, ஆயில் லெவலை மறுபடி நியூட்ரலில் பார்த்து, ஆற்றில் இறங்கும் வண்டி என்றால் பாக்ஸின் காற்றுத் துளைக்கு ஒரு குழாய் மாட்டி, இன்ஜின் அறையின் உச்சி வரை ஏற்றிக் கட்டுங்கள்.